துடைத்து மாட்டிய சாவி

கல்யாணமாகி வந்த முதல் நாளே தச்சர் தையல்காரியிடம் சொல்லிவிட்டார். "வீடு முழுக்க உன்னோடதுதான். அந்தக் கடைசி ரூமை மட்டும் இப்போதைக்குத் திறக்காத." அவருக்கு அது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி நோயில் கிடந்து கண்ணை மூடியது அந்த அறையில்தான்.

வேறொருத்தியாக இருந்தால் மறுமாதமே கேட்டிருப்பாள். தையல்காரி அப்படி வளரவில்லை. அவள் அப்பா லாரி ஓட்டியவர். வீட்டில் தங்குகிற நாட்களில் மகளுக்கு ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். ராஜா புதுப் பெண்டாட்டி கையில் ஏழு சாவி கொடுப்பான். ஆறு அறையைத் திற, ஏழாவதைத் தொடாதே என்பான். அவள் தொடுவாள். திறந்த நிமிஷமே அரண்மனை, ராஜா, போட்டிருந்த நகை எல்லாம் மாயமாகிவிடும், பொட்டல் வெளியில் தனியாக நிற்பாள். "கை சும்மா இருந்துச்சா பாரு அவளுக்கு," என்று முடிப்பார் அப்பா. தன் கை சும்மா இருக்கும் என்று மகள் அன்றே முடிவு பண்ணிவிட்டாள்.

அந்தக் கதவு விஷயத்தில் கை சும்மாவே இருந்தது. கூடத்தில் ஃப்ரிட்ஜுக்கும் சோபாவுக்கும் நடுவே மெஷினைப் போட்டு, முழங்கால் இடிக்க இடிக்க ஊர்ப்பட்ட பேருக்குச் சட்டை தைத்தாள். துணி வெட்டுவது தரையில் குனிந்து. இடுப்பு விட்டுப்போனது. ஊருக்கெல்லாம் மேசை செய்கிற மனுஷன் கட்டினவளுக்கு ஒன்று செய்து தரக்கூடாதா என்று பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டே கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இரண்டாம் வருஷம், பிறந்த வீட்டில் பத்து நாள் தங்கித் திரும்பிய மறுநாள் காலையில், அவள் கத்தரிக்கோல் மாட்டுகிற ஆணியில் கடைசி அறையின் சாவி தொங்கியது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதையிலும் ராஜா சாவியைக் கொடுத்துத்தானே ஆழம் பார்ப்பான்? இவளிடமா அந்தப் பாச்சா பலிக்கும்! மெஷின் எண்ணெய் தொட்டு சாவியைப் பளபளவென்று துடைத்து, அவர் பார்க்கும்படி அதே ஆணியில் மாட்டினாள். அவர் பார்த்தார். வாரம் தவறாமல் துடைத்தாள். அவரும் வாரம் தவறாமல் பார்த்தார்.

அதற்கப்புறம் அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சாப்பிட்டாச்சா, கதவைச் சாத்தினியா, அவ்வளவுதான். சோதனையில் தேறியவளுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று அவளுக்கு விளங்கவில்லை. ரொம்ப வலித்தது.

பதினொரு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு நாள் தட்டைப் பார்த்தபடியே அவர் சொன்னார். "கடைசி ரூமை வாடகைக்கு விட்டுடலாம்னு இருக்கேன். நாளைக்கு ஒருத்தர் பாக்க வர்றார். சும்மாதானே கிடக்கு."

அவளுக்கு அப்பாவின் கதைதான் ஞாபகம் வந்தது. யார் திறந்தாலும் இருக்கிற கொஞ்சநஞ்சமும் போய்விடுமோ?

மறுநாள் வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். தச்சர் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். அவள் நிலைப்படிக்கு வெளியே நின்றபடி எட்டிப் பார்த்தாள்.

கட்டில் இல்லை. மருந்து நெடி இல்லை. வெள்ளையடித்த சுவர். ஜன்னலை ஒட்டி நீள மேசை, துணியை விரித்து வெட்டத் தோதான அகலத்தில். அதற்கு மேலே விளக்கு. பக்கத்தில் மெஷின் போட இடம், மோட்டாருக்கு ப்ளக் பாயிண்ட். எல்லாவற்றின் மேலும் வருஷக்கணக்கில் படிந்த தூசி.

"மேசை ஏன் சார் இவ்வளவு தாழ்வா இருக்கு?" என்றார் வாத்தியார்.

"குள்ளமான ஒருத்தருக்காகச் செஞ்சது," என்றார் தச்சர். "அவங்களுக்கு இந்த ரூம் பிடிக்கலை."

அந்த வீட்டில் குள்ளம் தையல்காரி ஒருத்திதான். அவள் படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க சார், ரூம் இல்லை. ஆள் வந்தாச்சு," என்றார் தச்சர்.

வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டே போனார். அவள் முந்தானையால் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உன் ஆணியிலயே கொண்டுவந்து மாட்டினேன். அதுக்கு மேல எனக்கு எப்படிச் சொல்லத் தெரியும்? நீ துடைச்சுத் துடைச்சுத் திருப்பி மாட்டின. செத்தவ ரூம் எனக்கெதுக்குன்னு சொல்றியாக்கும்னு நினைச்சுட்டேன்."

அவள் அப்பாவின் கதையைச் சொன்னாள். இந்த வீட்டில் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. தச்சர் மேசையின் விளிம்பைத் தடவியபடி கடைசிவரை கேட்டார்.

"சரி, அவ திறக்காமலே இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"தெரியலைங்க. அப்பா சொல்றப்போ எல்லாம் அவ திறந்துடுவா."