ஜரிகை இல்லாத சட்டை

லோகேஸ்வரனின் மகள் சுகாசினிக்குத் துணி உரசினாலே தோலில் கொப்புளம் கிளம்பும். பிறவியிலேயே அப்படி. லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோயாம். செவிலிமேட்டில் தன் வீட்டுக்கு அதற்கு யார் வழி சொன்னது என்று லோகேஸ்வரன் கொஞ்ச நாள் யோசித்தான். பிறகு ஆட்டோ ஓட்டவே நேரம் சரியாக இருந்தது.

ஜூனில் அவள் ஒன்றாம் வகுப்பு போக வேண்டும். பள்ளிச் சீருடையோ சாக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதற்குள்ளே போட்டுக்கொள்ள, உள்பக்கம் தையல் உறுத்தாத மெல்லிய பட்டுச் சட்டை வேண்டும் என்று சென்னை டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். உதவி வழங்கும் அலுவலகத்தில் அந்தச் சீட்டை ஒருவர் இரண்டு முறை படித்தார்.

"காஞ்சிபுரத்துல இருந்துக்கினு எங்ககிட்ட பட்டு கேக்கிறியேபா. இன்னா, கல்யாணமா?"

"கொப்புளம் சார்."

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது பதில் வந்தது. ஆடம்பர ஆடைக்குத் திட்டத்தில் இடமில்லை.

அவன் ஆட்டோவில் கடைக்குப் போகும் பட்டுப் புடவைகளில் பாதி, பெரிய காஞ்சிபுரத்தில் பஞ்சாட்சரம் நெய்தவை. விஷயத்தைக் கேட்ட பஞ்சாட்சரம் சீட்டைப் பார்க்கவில்லை. தறியில் மிச்சமிருந்த பாவு நூலைப் பார்த்தார்.

"ரெண்டு சட்டைக்கு ஆவும். வெள்ளிக்கெழம வா."

வெள்ளிக்கிழமை காலை சந்தன நிறத்தில் முதல் சட்டை தயாராக இருந்தது. அவர் மனைவி கமலாட்சி தையலெல்லாம் வெளிப்பக்கம் வருமாறு தைத்திருந்தாள். கழுத்திலும் கையிலும் விரல் அகலத்துக்கு ஜரிகை மின்னியது.

"அண்ணா, ஜரிகை குத்துமே."

"பொம்பளப் புள்ளைக்கு மொட்டையா துணி குடுக்கச் சொல்றியா? நாப்பது வருசத்துல இந்தத் தறியிலேர்ந்து அப்படி ஒண்ணு எறங்கினது இல்லபா."

ஆசையாகக் கொடுப்பவரிடம் என்ன பேசுவது? வாங்கி வந்தான். சுகாசினி போட்டுக்கொண்டு கண்ணாடியை விட்டு நகரவில்லை. சாயங்காலம் கழுத்தைச் சுற்றிக் கொப்புளம் வரிசை கட்டி நின்றது. "வலிக்கலப்பா" என்றாள். அந்தப் பொய்யைத்தான் லோகேஸ்வரனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவளையே கூட்டிக்கொண்டு போனான். பஞ்சாட்சரம் கழுத்தைப் பார்த்தார். தறிக் குழியில் இறங்கி, ஜரிகை இல்லாமல் ஒரு சாண் நெய்தார். விரலால் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"என் கை காய்ச்சுப் போயிருக்குது, ஒண்ணும் தெரியல. பாப்பா, நீ பார்த்துச் சொல்லுமா."

சுகாசினி துணிமேல் கன்னத்தை மெல்ல வைத்தாள்.

"இங்க முடிச்சு இருக்குது பெரியப்பா."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் தேடினார். இருந்தது. அறுந்த இழையை முடிச்சுப் போட்ட இடம். எந்தக் கடை முதலாளியும் இதுவரை அவர் துணியில் முடிச்சைக் கண்டுபிடித்ததில்லை. இரண்டு விரற்கடை பிரித்து மறுபடி நெய்தார். அவள் இன்னும் மூன்று சொன்னாள். மூன்று முறையும் பிரித்தார்.

திங்கட்கிழமை அந்தத் துணியில் தைத்த சட்டையைச் சீருடைக்குள் போட்டுக்கொண்டு அவள் பள்ளிக்குப் போய் வந்தாள். அதுவரை தினமும் சாயங்காலம் புண்ணில் ஒட்டிய சட்டையை வெந்நீர் விட்டு ஊறவைத்து, அங்குலம் அங்குலமாகத்தான் எடுக்க வேண்டும். அரைமணி நேரம் அழுவாள். அன்றும் லோகேஸ்வரன் வெந்நீர்ச் சொம்போடு வந்து உட்கார்ந்தான்.

சுகாசினி சட்டைக் கையிலிருந்து தன் கையைத் தானே உருவிக் காட்டினாள். துணி எங்கேயும் ஒட்டவில்லை.

"போதும்பா, தண்ணி வேணாம்" என்றாள்.

அவனுக்கு அழுகை வந்தது. வெந்நீரை வீணாக்குவானேன் என்று தன் முகத்தைக் கழுவிக்கொண்டான்.