கோகிலா ஸ்டுடியோவின் சொட்டு

போன வருடத்துக்கு முந்தின வருடம் சித்திரை ஒன்பதாம் தேதி, காலை பதினொன்றே காலுக்கு, கொல்லிமலைச் செம்மேட்டில் மாதம்மாள் வீட்டு ரோஜாவின் மேல் பதினேழு சொட்டுத் தண்ணீர் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு மழை இல்லை, பனி இல்லை, மாதம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கும் கோகிலா, முந்தின நாள் எடுத்த அதே ரோஜாவின் படத்தில் கம்ப்யூட்டரில் பதினேழு சொட்டு வைத்து, சேமித்து, டீ குடிக்க எழுந்ததும் அதே பதினொன்றே காலுக்குத்தான். மாதம்மாள் பூவைக் காம்போடு கிள்ளி எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். படத்தையும் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருவரும் எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது, இடமும் சரியாக இருந்தது. "ஏங் கண்ணு, ஊத்தறதுன்னா வேருல ஊத்தோணும். பூவுல ஊத்தி என்ன பிரயோசனம்?" என்று கேட்டுவிட்டு மாதம்மாள் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். பூ மூன்றாம் நாள் வாடியது. சொட்டுகள் வாடவில்லை, காயவில்லை, தலையை ஆட்டினாலும் விழவில்லை. அது ஒன்றுதான் கொஞ்சம் தொந்தரவாக இருந்தது என்று அவள் பின்னால் சொன்னாள்.

கோகிலாவின் தொழில் பாஸ்போர்ட் அளவுப் படமும் காதுகுத்துப் படமும்தான். பூப்படம் இடையில் வந்து சேர்ந்தது. சிவகாசியில் ஓர் அச்சகம் நாள்காட்டிக்குப் பூக்கள் கேட்டது. மலையில் பூவுக்குப் பஞ்சமில்லை என்பதால் இவள் அனுப்பினாள். அச்சகக்காரருக்குப் பூ மட்டும் போதவில்லை, பூவின் மேல் தண்ணீர் நிற்க வேண்டும், அதுவும் முத்து மாதிரி உருண்டையாக நிற்க வேண்டும். வெள்ளென எழுந்து பனியில் போய்ப் படம் எடுக்கலாம் என்றால் சமையல் யார் செய்வது? ஆகவே கோகிலா சொட்டுகளைக் கம்ப்யூட்டரில் வைக்கக் கற்றுக்கொண்டாள். பார்ப்பதற்குத்தான் அது சுலபம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சொட்டு சற்று இருண்டிருக்கும், அதன் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும், எதிர்ப்பக்கம் பளிச்சென்று இருக்கும், அடியில் மெல்லிய நிழல் விழும். இது போக, எந்தச் சொட்டுக்குள்ளும் அதற்கு எதிரில் இருப்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். இத்தனையையும் ஒவ்வொரு சொட்டுக்கும் வரைந்தால் ஒரு பூவுக்கே ஒரு வாரம் ஆகிவிடும். அதனால் அவள் வீட்டு கேட்டருகே செம்பருத்தியில் எப்போதோ எடுத்த ஒரு நல்ல சொட்டை வெட்டி வைத்துக்கொண்டு, அதையே பெரிதாக்கி, சிறிதாக்கி, திருப்பி, எல்லாப் பூவிலும் வைத்தாள். ஸ்டுடியோ ஆணியில் ஒரே ஒரு கறுப்புக் கோட்டு தொங்குகிறது. கொல்லிமலையில் பாதிப் பேர் அந்தக் கோட்டில்தான் பாஸ்போர்ட் படம் எடுத்திருக்கிறார்கள், யாரும் குறை சொன்னதில்லை. சொட்டும் அப்படித்தானே என்று அவள் நினைத்தாள்.

ஆறு வருடம் அந்த ஒற்றைச் சொட்டு பேளுக்குறிச்சி அரிசி மண்டியிலும் காளப்பநாயக்கன்பட்டி சலூனிலும் எண்ணற்ற வீட்டுச் சுவர்களிலும் தொங்கியது. அப்போதெல்லாம் எந்தச் செடியும் நனையவில்லை. நிழலைத் தவறான பக்கம் போட்டுக்கொண்டிருந்தாள் என்பதுதான் காரணம். சித்திரை ஒன்பதாம் தேதி முதல்முறையாக நிழல் சரியாக விழுந்தது, அன்றைக்கே தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பூக்கார அர்த்தனாரி சும்மா இருப்பாரா? சந்தைக்கு ஏற்றும் முன் சாமந்திக் கூடையைத் தூக்கி வந்து ஒரு படம் எடுத்து, அதில் சொட்டு வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வரை அவர் பூ மட்டும் அப்போது பறித்தது போல இருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், பிறகு அவர்களும் கூடையோடு வந்தார்கள். இதெல்லாம் வைகாசி முடிவதற்குள் ஊருக்குப் பழகிப்போயிற்று.

ஆனால் அந்த வருடம் ஆனியில் மழை வரவில்லை. கோகிலாவின் கணவன் குழந்தைசாமி வாசலூர்பட்டியில் ஒன்றரை ஏக்கரில் சில்வர் ஓக் மரங்களின் மேல் மிளகுக்கொடி ஏற்றியிருந்தான். நூற்று நாற்பது கொடி. அதற்கு முன் மூன்று வருடம் அவன் திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரியில் வடக்கே போய்ப் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தவன். வலது காது மந்தமாகித் திரும்பி வந்த அன்றே, இனிமேல் மலையை விட்டு இறங்குவதில்லை என்று சொல்லி, கையோடு கொடி நட்டான். இப்போதுதான் முதல்முறையாக எல்லாக் கொடியிலும் பூச்சரம் நிறைய இறங்கியிருந்தது. மிளகு விசித்திரமான பயிர். அதன் சரத்தில் பூ எள்ளைவிடச் சிறியது. வண்டு அதைச் சட்டை செய்யாது. மழைத்தண்ணீர் சரத்தின் மேலிருந்து கீழே வழிந்து, மேல் பூவின் மகரந்தத்தைக் கீழ்ப் பூவுக்குக் கொண்டு சேர்த்தால்தான் பிஞ்சு நிறையப் பிடிக்கும். இல்லாவிட்டால் சரம் மஞ்சளாகி உதிரும். ஓடையில் தண்ணீர் இல்லை, குடிதண்ணீரே இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் வந்தது. தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு குழந்தைசாமி மூன்று கொடி வரை ஏறி இறங்கினான், வீட்டுக் குடத்துத் தண்ணீர் அதற்குமேல் இல்லை. லாரிக்காரர் போன் செய்தார். ஆடி கடைசியில் வண்டி கிளம்புகிறது, ஆள் வேண்டும், வந்தால் இரண்டு வருடம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு குழந்தைசாமி பரணிலிருந்து பழைய பையை எடுத்துத் தூசி தட்டி ஆணியில் மாட்டினான். கோகிலா அந்தப் பையைப் பார்த்தாள். மறுநாள் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டுக் கேமராவோடு தோட்டத்துக்குப் போனாள்.

ஒன்பது நாள் ஏணியில் ஏறி நூற்று நாற்பது கொடியையும் சரம் சரமாகப் படம் எடுத்தாள். ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒவ்வொரு சரத்திலும் தன் சொட்டை வைத்தாள். நிழலைச் சரியாகப் போட்டாள். ஒவ்வொரு படத்தையும் சேமிக்கும்போது வாசலூர்பட்டியில் ஒரு கொடி நனைந்தது. குழந்தைசாமி போனில் "வந்துருச்சு புள்ள, வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான், சின்னப் பிள்ளை மாதிரி. நூற்று நாற்பதும் முடிந்தபோது தோட்டம் முழுக்க முத்து தொங்கியது, பக்கத்துப் படகுத்துறையைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துப் போனார்கள். நான்கு நாள் ஆயிற்று. ஒரு சொட்டும் நகரவில்லை. கொடியை உலுக்கினார்கள், கம்பால் தட்டினார்கள். உருண்டை உருண்டையாக, வைத்த இடத்திலேயே நின்றன. ஐந்தாம் நாள் முதல் சரம் மஞ்சளாகி உதிர்ந்தது, சொட்டோடு சேர்ந்துதான் உதிர்ந்தது.

குழந்தைசாமி ஏணியைச் சாத்தி ஏறி, ஒரு சரத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தான். சொட்டுக்குள் ஒரு கேட்டு தலைகீழாகத் தெரிந்தது. கேட்டுக்கு வெளியே ஓர் ஆள் கையில் பையோடு, திரும்பிப் பார்த்தபடி நின்றான். அடுத்த சொட்டிலும் அதே ஆள், அதற்கடுத்ததிலும் அவனே. குழந்தைசாமி இறங்கி வந்து ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

"இந்தச் சொட்டு எப்ப எடுத்தது?"

"நீங்க மொத மொதல்ல லாரிக்குப் போன அன்னிக்குங்க," என்றாள் கோகிலா. "உங்களப் பாத்தா அழுதுருவேனோன்னு பூவப் படம் புடிச்சுட்டு நின்னேனுங்க."

"நான் ஊடு வந்து மூணு வருசமாச்சு. நீ இன்னும் என்னையப் பையத் தூக்கிட்டு நிக்க வெச்சிருக்கறயே."

"நல்ல சொட்டுங்க அது. அத விட மனசு வரலீங்க."

"போறவனும் இல்லாம வந்தவனும் இல்லாம நிக்கிறவன் எப்படிப் புள்ள கீழ எறங்குவான்?" என்றான் குழந்தைசாமி. கோபமாகச் சொல்லவில்லை. ஆறு வருடத்துக்கு முன் கேட்டருகே அழாமல் வைத்திருந்த அழுகையைக் கோகிலா அந்த மிளகுக்கொடிக்கு அடியில் அழுது தீர்த்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, வேறு சொட்டு எடுக்கலாம் என்றாள்.

குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டு வந்தார்கள். குழந்தைசாமி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் நின்று, ஒரு சரத்தின் உச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். கீழே நின்று கோகிலா எடுத்தாள். அகப்பட்டது முத்து மாதிரி உருண்டையான சொட்டு இல்லை. நீண்டு, வால் விட்டு, அவசரமாகக் கீழே போய்க்கொண்டிருந்த சொட்டு. உள்ளே துண்டு கட்டிய ஒருவன் சொம்போடு தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தான். நாள்காட்டிக்காரரிடம் காட்டியிருந்தால், ஒழுகுகிற பூவை எந்தக் கடைக்காரர் சுவரில் மாட்டுவார் என்று திருப்பி அனுப்பியிருப்பார். பழைய சொட்டுகளை எல்லாப் படத்திலிருந்தும் அழித்துவிட்டு இதை வைக்க அவளுக்குப் பத்து நாள் பிடித்தது. இந்த முறை ஒவ்வொன்றாகச் சேமிக்காமல், ஒரு மழை போல இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் முடித்து வைத்து, ஆடி பன்னிரண்டாம் தேதி மத்தியானம் ஒன்றாகச் சேமித்தாள்.

நூற்று நாற்பது கொடியும் ஒரே நேரத்தில் வழிந்தன. பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாயி மழைச் சத்தம் கேட்டு, காயப்போட்டிருந்த சாமையை அவசரம் அவசரமாக அள்ளி உள்ளே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வெளியே வந்து பார்த்தாள். அவள் பக்கம் வெயில் சுள்ளென்று அடித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் தண்ணீர் சரம் சரமாக இறங்கி வேரில் சொட்டிக்கொண்டிருந்தது. "மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல, என்னைய இந்த ஓட்டம் ஓட விட்டுட்டு," என்று அவள் சடைத்துக்கொண்டாள். அது நியாயமான கோபம் என்று குழந்தைசாமி ஒப்புக்கொண்டு, சாமையை மறுபடியும் அள்ளிக் காயப்போட உதவினான்.

பிஞ்சு பிடித்ததா என்று தெரியப் பதினைந்து நாளாவது ஆகும். அந்தப் பதினைந்து நாளும் பை ஆணியில் தொங்கியது, கோகிலா அந்தப் பக்கம் பார்க்காமல் சமைத்தாள், சாப்பிட்டாள். ஆடி இருபத்தெட்டாம் தேதி குழந்தைசாமி ஏணியிலிருந்து ஒரு சரத்தைப் பறித்து வந்து, அடுப்பருகே நின்றவளின் உள்ளங்கையில் வைத்தான். பறிக்காமலே சொல்லியிருக்கலாம், ஆனாலும் அவள் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தான். கடுகு கடுகாகப் பச்சைப் பிஞ்சு, மேலிருந்து கீழ்வரை இடைவெளி இல்லாமல் இருந்தது. அவன் போனை எடுத்து மந்தமில்லாத இடது காதில் வைத்து, "இல்லீங்க, நான் வரலீங்க. மொளகு இருக்குதுங்க," என்று லாரிக்காரரிடம் சொன்னான். கோகிலா சரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மிளகு தையில் பழுத்தது, வெயிலில் மற்ற மிளகு போலவே காய்ந்தது, பேளுக்குறிச்சி சந்தையில் மற்ற மிளகு போலவே காரமாக இருந்தது. நாள்காட்டிக்கு உருண்டைச் சொட்டு வேண்டும் என்று அச்சகம் இன்னும் கேட்கிறது. அதற்காகக் கோகிலா டீக்கடை வாசலில் ஒரு கனகாம்பரத்தில் புதிதாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறாள். இப்போது வருகிற நாள்காட்டிகளில் எந்தச் சொட்டைப் பார்த்தாலும் டீக்கடை மாஸ்டர் தலைகீழாக டீ ஆற்றிக்கொண்டிருப்பார்.

பழைய நாள்காட்டிகளைப் பற்றிய செய்தி மாசி மாதம்தான் தெரிய வந்தது. அருணா டீச்சர் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பூதக்கண்ணாடி காட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்ணின் கணக்கு நோட்டுக்குப் பழைய நாள்காட்டித் தாளில் அட்டை போட்டிருந்ததைப் பார்த்தார். தாமரைப் பூ, ஐந்து வருடத்துக்கு முந்தியது. கண்ணாடியை அதன் சொட்டின் மேல் வைத்தார். கேட்டு இருந்தது, ஆளும் இருந்தான். பை அவன் கையில் இல்லை, காலடியில் இருந்தது. டீச்சர் கோகிலாவிடம் சொன்னார், கோகிலா யாரிடமும் சொல்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அரிசி மண்டியிலும் சலூனிலும் சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தார்கள். வாழைத்தாரைச் சுற்றிய தாளையும் பரணில் விரித்த தாளையும் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது.

"ஊடு வந்து சேந்தவன் பையக் கீழ வெக்காம வேற என்ன பண்ணுவான்?" என்றாள் மாதம்மாள். அது சரிதான் என்று எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனார்கள். கோகிலா மட்டும் கம்ப்யூட்டரைத் திறந்து, அந்தக் காலையில் எடுத்த முதல் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினாள். செம்பருத்தி, அதன் மேல் ஒரு சொட்டு, உள்ளே குழந்தைசாமி. பை தரையில் இருந்தது. பையின் நிழல், ஆறு வருடம் அவள் சொட்டுக்குப் போட்டது போலவே, தவறான பக்கம் விழுந்திருந்தது. சரி செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஆனால் அந்த ஒரு படத்தை மட்டும் அவள் இன்றுவரை திருத்தவில்லை.