ஈரம் படாத டிஸ்க்

கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி டிஸ்க் போடலாமா என்று கேட்டுக் கடைக்கு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் எரிந்து விழுகிறேன். போடுங்களேன், யார் வேண்டாம் என்றது? கிழட்டுக் கம்ப்யூட்டரும் கண் மூடித் திறப்பதற்குள் எழுந்து நிற்கும். உள்ளே சுற்றுகிற தட்டு கிடையாது, கீழே விழுந்தாலும் லேசில் போகாது. வீட்டுப் பாவனைக்குக் கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் "அண்ணே, எத்தன வருசம் தாங்கும்?" என்று அடுத்த கேள்வி வரும் பாருங்கள், அங்கேதான் எனக்கு வாய் அடைத்துப் போகிறது. முன்பெல்லாம், "பத்து வருசத்துக்குப் பயப்படாதீங்க" என்று வாய் கூசாமல் அடித்து விடுவேன். பதுளை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை போட்ட பன்னிரண்டு வருடத்தில் எத்தனை பேரிடம் அப்படிச் சொன்னேனோ, கணக்கே இல்லை.

ராசம்மா அக்காவிடமும் சொன்னேன்.

அவர் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். புருஷன் இல்லை, ஒரே மகள் நிரஞ்சலா. அந்தப் பிள்ளை கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன காலத்தில் பழைய மிஷின் ஒன்றை வாங்கியது. அதற்கு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தது நான்தான். அது புதுச் சாமான் இல்லை. கொழும்பில் ஏதோ ஒரு கம்பெனிக் கந்தோரில் வருடக்கணக்காக உழைத்து ஓய்ந்து, கழற்றி விற்ற சரக்கு. அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

படித்த படிப்புக்கு ஊரில் வேலை கிடைக்கவில்லை. நிரஞ்சலா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பதினான்கு மாதத்தில் பெட்டியில் வந்தாள். மாடியிலிருந்து தவறி விழுந்ததாகக் காகிதம் சொன்னது.

மண் போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. தீபாவளிக்கு இரண்டு நாள். கடையில் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ராசம்மா அக்கா வந்து மேசையில் தன் போனை வைத்தார். சாவு வீட்டு அமளியில் யாரோ அதைத் தண்ணீர் வாளிக்குள் தட்டிவிட்டிருக்கிறார்கள்.

"தம்பி, எம்புள்ள பேசி அனுப்புனதெல்லாம் இதுலதான் இருக்கு. ரூம்ல போட்டுப் பூட்டுறாங்க, கம்பியால அடிக்கிறாங்க, சம்பளமே குடுக்கலன்னு அதுவே சொல்லியிருக்கு. அது தவறி விழல தம்பி. நான் கேஸ் பேசணும்னா இது ஒண்ணுதான் இருக்கு எனக்கு."

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு நான் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தேன். போனைக் கழற்றிக் காய வைத்து, துடைத்து, மறுநாள் மத்தியானம் ஒரு தடவை எழுப்பினேன். பதினோரு குரல் பதிவுகள் இருந்தன. அக்கா கொண்டுவந்திருந்த மிஷினிலிருந்து கழற்றின நிரஞ்சலாவின் எஸ்எஸ்டியில் அத்தனையையும் ஏற்றி முடித்தேன். போன் அணைந்தது, பிறகு எழும்பவே இல்லை.

இன்னொரு பிரதி எடுத்திருக்கலாம். பென் டிரைவில் ஒன்று, என் மிஷினில் ஒன்று. பத்து நிமிட வேலை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். பாவி, அந்த நாளை வரவே இல்லை.

அதோடு நின்றேனா? புத்திமதி வேறு சொன்னேன்.

"அக்கா, இத மிஷின்ல மாட்டாதீங்க. பக்கத்து வீட்டுப் புள்ளைங்க கேம் அடிச்சு அழிச்சிருவாங்க. தனியா எடுத்துப் பத்திரமா வைங்க. ஈரம் மட்டும் படாமப் பாத்துக்கங்க."

"எத்தன நாளைக்கு வைக்கலாம் தம்பி?"

"பத்து வருசத்துக்குப் பயப்படாதீங்க."

அக்கா கொடுத்த முறைப்பாட்டு விசாரணைக்குத் தேதி வர ஒன்றரை வருடம் ஆனது. கொழும்பிலிருந்து வெளிநாட்டு வேலைவாய்ப்பு அதிகாரி வியாழக்கிழமை பதுளைக்கு வருகிறார் என்று கடிதம். செவ்வாய்க்கிழமையே அக்கா ஒரு பிஸ்கட் டின்னோடு வந்துவிட்டார். மூடியைத் திறந்ததும் விறகுப் புகை மணந்தது. ரேஷன் அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈபிஎஃப் காகிதம், அவற்றுக்கு நடுவில் மகளின் பழைய பாவாடைத் துணியில் சுற்றிய டிஸ்க்.

"எங்கக்கா வச்சிருந்தீங்க?"

"அடுப்புக்கு மேல, வெறகு காயப் போடுற தட்டுல. வேற எங்கன வைக்கிறது? நம்ம லயத்துல சுவரெல்லாம் தண்ணி கசியுதே."

தோட்ட லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். என் அம்மாவும் எங்கள் காகிதங்களையெல்லாம் அங்கேதான் வைத்தாள். மலையில் ஈரத்துக்குத் தப்பிய ஒரே இடம் அடுப்புக்கு மேல்தான். ஈரம் படக்கூடாது என்று தோட்டத்துக்காரரிடம் சொன்னால் பொருள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா?

காகிதத்துக்கு அந்தச் சூடு நல்லது. இதற்கு விஷம். எஸ்எஸ்டிக்குள் எழுதினது எல்லாம் துளித் துளி மின்சாரமாக நிற்கிறது. நல்ல டிஸ்க் என்றால் கரண்ட் இல்லாமலும் பல காலம் தாங்கும். தேய்ந்த டிஸ்க் தாங்காது. சூட்டில் இன்னும் சீக்கிரம் கசிந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்காவது சாகுமுன் கடகடவென்று சத்தம் போட்டுச் சொல்லும். இது வாயே திறக்காது.

மாட்டினேன். பதினோரு பெயர்களும் திரையில் வந்தன. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். முதலாவதை அழுத்தினேன். திறக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது... பதினொன்றும் பிணம். கண்டியில் இந்த வேலையே செய்கிற ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னதையெல்லாம் இரண்டு நாளும் செய்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"நாந்தானே தம்பி கெடுத்தேன்? அடுப்புல வச்சு எம்புள்ளைய நானே எரிச்சிட்டேனே!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"இல்லக்கா. நான் வித்தது பழசு. ஒரு பிரதி எடுக்காம விட்டதும் நான்தான். எல்லாம் என் தப்பு."

காறித் துப்பியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போகட்டும் தம்பி. டிஸ்க்கு போனா என்ன, நீங்க இருக்கீங்கல்ல? நீங்கதானே எல்லாத்தையும் ஏத்துனீங்க. உங்க காதால கேட்டீங்கல்ல. வந்து அத மட்டும் சொல்லுங்க."

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

அதிகாரி நடுத்தர வயதுச் சிங்களப் பெண். மோசமான மனுஷி இல்லை. அக்காவை உட்காரச் சொல்லி, தமிழில் மொழிபெயர்க்க ஆளும் வைத்து, அவர் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தார். தாய் சொல்வதை மட்டும் வைத்து அந்த நாட்டோடு பேச முடியாது, வெளியாள் ஒருவர் கேட்டிருந்தால் பேசிப் பார்க்கலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பதிவுகளைக் கேட்டீர்களா?"

"கேட்டேன் மேடம். அடிக்கிறார்கள் என்று சொன்னாள்."

"எந்தப் பதிவில்? எவ்வளவு நேரம் கேட்டீர்கள்?"

அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"பொய் சொன்னால் இந்த அம்மா சொன்னதும் சேர்ந்து கெட்டுப் போகும். உங்கள் காதில் விழுந்ததை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

கடைக்காரன் யாரும் ஏற்றின பதிவை முழுதாகக் கேட்பதில்லை. திறக்கிறதா என்று நாலு செக்கன் பார்ப்போம், அடுத்ததுக்குப் போவோம். தீபாவளிக் கூட்டம் வேறு. தவிர, செத்த பிள்ளையின் குரல், என்னால் தாங்க முடியவில்லை. பதினொன்றையும் நாலு நாலு செக்கன்தான் கேட்டேன். பதினொன்றும் ஒரே மாதிரித்தான் தொடங்கின.

"'அம்மா, சாப்டீங்களா?' அவ்வளவுதான் மேடம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை."

அதிகாரி எழுதினார். மொழிபெயர்க்கிறவர் அதை அக்காவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்: 'மகள் தாயின் நலம் விசாரித்ததைச் சாட்சி கேட்டுள்ளார். கொடுமை பற்றிய முறைப்பாடு எதையும் சாட்சி கேட்கவில்லை.'

அக்கா என்னைத் திட்டுவார் என்று தலை குனிந்தேன்.

"ஆமாங்க, தம்பி சரியாத்தான் சொல்லுது. அது எப்பவும் மொதல்ல அதத்தான் கேக்கும்" என்று சொல்லி, காட்டின இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.