வீடா, பொது இடமா

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் சின்னவர் முகத்தில் அறைந்த மாதிரி வந்து நின்றது அந்த வாசகம். மாடியில் அண்ணனுடைய கம்ப்யூட்டரில் இருக்கும் வரைபட ஃபோல்டரைத் திறக்க அவருக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாமாம். நிர்வாகியைக் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். நிர்வாகியாம், பெரிய நிர்வாகி! அண்ணனைத்தான் அது சொல்கிறது என்று சின்னவர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் அலுவலகம் அது. அண்ணன் தன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தம்பியை வரைபடப் படிப்பு முடிக்க வைத்து, அவரை நம்பித் தொடங்கியது. வருகிறவர்கள் இருவரையும் பெரியவர், சின்னவர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாடியில் உட்கார்ந்து பெரியவர் ஆட்களிடம் பேசி வேலை பிடிப்பார், கீழே சின்னவர் வரைவார். வரைந்ததெல்லாம் போய்ச் சேரும் இடம் மாடிக் கம்ப்யூட்டர். இத்தனை வருஷத்தில் அது ஒருநாளும் அவரை யார் நீ என்று கேட்டதில்லை.

அணைத்துப் போட்டுப் பார்த்தார். மறுபடி அதே வாசகம். மாடியிலிருக்கும் பிரிண்டருக்கும் இங்கிருந்து எதுவும் போகவில்லை. அப்போதுதான் அண்ணியின் தம்பி ஞாபகத்துக்கு வந்தான். அவனும் வரைபடம் படித்தவன். போன வாரம் ஒரு மத்தியானம் முழுக்க அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சின்னவர் மாடியேறிப் போனதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினார்களா, அதுவாக முடிந்ததா என்று யாருக்குத் தெரியும்? சந்தேகப்பட உட்கார்ந்த மனுஷனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எதற்கு? நம்மைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள் என்று எண்ணியதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தடதடவென்று மாடிக்கு ஏறினார்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணி டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். ஏன் பூட்டினாய் என்று சின்னவர் கேட்ட கேள்வியே பெரியவருக்குப் புரியவில்லை. தான் எதையும் தொடவில்லை, வேண்டுமானால் நீயே உட்கார்ந்து பார் என்று எழுந்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். அந்த நிதானம்தான் சின்னவரை இன்னும் கிளப்பிவிட்டது. மச்சான் வந்த பிறகு தம்பி எதற்கு என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கோபம் வந்தால் கண்மண் தெரியாத மனுஷன் எங்கே நிறுத்தப் போகிறார்.

"புள்ளையா குட்டியா உனக்கு? யாருக்காக இப்படிப் பூட்டிப் பூட்டி வைக்கிற?"

அண்ணி கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, முந்தானையைக்கூட எடுக்காமல், புறங்கையால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டாள். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை எடுத்து, கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை வரச் சொன்னார்.

வந்தவர் வாய் ஓயாமல் பேசுகிற ஆள். கேபிளை இழுத்துப் பார்த்தார். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே இணைப்பில்தான் இருக்கின்றன என்றார். ஃபோல்டரைச் சோதித்தார், தம்பி திறக்கலாம், எழுதலாம், அழிக்கலாம் என்று எல்லா அனுமதியும் பழையபடியே இருந்தது. கடைசியாக ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, சின்னவரைக் கீழே போய்ப் பார்க்கச் சொன்னார். ஃபோல்டர் திறந்தது. எல்லாப் படங்களும் வைத்தது வைத்தபடி இருந்தன.

திரும்ப மாடியேறி வந்தபோது ரிப்பேர்காரர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"புதுசா ஆன்டிவைரஸ் போடறப்ப ஒண்ணு கேக்கும் சார், இது வீடா, பொது இடமான்னு. பொது இடம்னு அமுக்கிட்டா பக்கத்து மெஷினையெல்லாம் அந்நியன்னு நெனச்சு உள்ள விடாது. யாரு சார் போட்டது?"

நேற்றுச் சாயங்காலம், அண்ணன் வெளியே போயிருந்தபோது மாடிக் கம்ப்யூட்டரில் சின்னவரே போட்டதுதான். யாரோ கொடுத்த பென்டிரைவில் வைரஸ் இருந்ததென்று பயந்து போட்டார். போட்டு முடித்ததும் போன் பண்ணி அண்ணனிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார். நடுவில் எதையோ கேட்டது. அதை யார் படித்தார்கள்? எது பத்திரமென்று தோன்றியதோ அதை அமுக்கினார். வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்.

"நான்தான். கண்ணாடி போடாம எதையோ அமுக்கித் தொலைச்சுட்டேன்."

அந்தக் கணத்தில் அண்ணன் இழுத்து நாலு அறை விட்டிருந்தால் சின்னவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெளியாள் முன்னால் தம்பியை விட்டுக்கொடுக்காத மனுஷனிடம் என்னத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது?

ரிப்பேர்காரர் பொது இடத்தை வீடாக மாற்றி, ஆன்டிவைரஸை மறுபடி ஓடவிட்டு, எல்லாம் சரி என்று பையை மூடினார்.

"இன்னொரு வேலை இருக்கு" என்றார் பெரியவர். "இவன் வரைஞ்சதையெல்லாம் இவன் மெஷினுக்கே மாத்திக் கொடுத்துடுங்க."

இப்போதுதான் சரியாகிவிட்டதே, இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று ரிப்பேர்காரர் சிரித்தார்.

"வேணாம். இனிமே அவன் யார்கிட்டயும் அனுமதி கேட்டு நிக்க வேண்டாம்."

"அண்ணே..." என்றார் சின்னவர்.

பெரியவர் ரிப்பேர்காரரைப் பார்த்து, டீ ஆறிவிட்டது, வேறு போடச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

கீழே சின்னவருடைய திரையில் பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. அவர் வரைந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் பெயர் காட்டி இறங்கிக்கொண்டிருந்தன. எங்கேயும் தடையில்லை, சரசரவென்று வந்தன. கோட்டுக்குப் பக்கத்தில் 'ரத்து செய்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. சின்னவர் மவுஸை அதன்மேல் கொண்டுபோய் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கோடு பாதியைத் தாண்டியிருந்தது.