ஒரு கோர் போதும்

கல்யாண வீடியோ எடிட் செய்கிற அம்மாள் எங்கள் கடை மேஜைமேல் கைப்பையை வைத்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது, இன்று முடிவெடுக்காமல் நகரமாட்டார் என்று. பழைய மாடல் புராசஸரே போதுமா, புது மாடல் வாங்கித்தான் ஆகணுமா என்று பல தடவை வந்து குழம்பிக் குழம்பித் திரும்பிப் போனவர். “ரெண்டையும் என் கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. வாயால சொல்றதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு” என்றார்.

என் வீட்டுக்காரருக்கு வேறென்ன வேண்டும்! சோறு தண்ணி இல்லாமல் ஒப்பிடு என்றாலும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். இடது பக்கக் கம்ப்யூட்டரில் பழைய புராசஸர், வலது பக்கத்தில் புதுசு. இரண்டுக்கும் ஒரே வீடியோவைக் கொடுத்து வேறு வடிவத்துக்கு மாற்றச் சொல்வார். எது முதலில் முடிக்கிறதோ அது கெட்டிக்காரன். மாறிக்கொண்டிருக்கும்போதே அந்த வீடியோ திரையில் சின்ன ஜன்னலில் ஓடும். புராசஸர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக ஓடும்.

அந்த வீடியோதான் எனக்கு எமன்.

எங்கள் பெண் வராந்தாவில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டி வருகிறாள். எடுத்தது நான். சோதனைக்கு ஏதாவது வீடியோ வேண்டும் என்றார், கையிலிருந்த போனை நீட்டினேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடைக்கு வந்த எந்தப் புராசஸரும் அவளை ஓட்டிக் காட்டாமல் வெளியே போனதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், “அப்பா, இன்னிக்கு நான் வேகமா போனேனா?” என்று கேட்பாள். போன வருஷம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு மூன்று பேராகப் போனோம். இரண்டு பேராகத் திரும்பி வந்தோம்.

வேற வீடியோ போடுங்க என்று நான் கெஞ்சாத நாளில்லை. சண்டை போட்டும் பார்த்தேன். “மாத்தினா பழைய ரிசல்ட்டோட ஒப்பிட முடியாது” என்பார், ஏதோ ஊர் உலகமே அந்த ரிசல்ட்டுக்குக் காத்துக்கிடக்கிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கென்ன, ஓரமாக நின்று பார்க்கிறார். போனைப் பிடித்திருந்தவள் நான். அந்தப் பிள்ளை பார்ப்பது என்னை. வீடியோ ஓட ஆரம்பித்தால் உள்ளறைக்குப் போய்ப் பழைய கீபோர்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அன்று போக முடியவில்லை. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். “நீங்களும் பாருங்க. நாளைக்கு ஒரு பேச்சுன்னா சாட்சிக்கு ஆள் வேணும்ல?”

என் வீட்டுக்காரர் இரண்டு மவுஸையும் ஒன்றாக அழுத்தினார். இடது பக்கம் அவள் இன்னும் சைக்கிளில் ஏறவே இல்லை. வலது பக்கம் சர்ரென்று ஒரு மஞ்சள் சட்டை. ஜன்னல் கறுப்பாகிவிட்டது.

“அடேங்கப்பா! கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள!” அந்த அம்மாள் கைதட்டினார். “அந்தக் குட்டியோட மூஞ்சியக்கூடப் பாக்க முடியலையே!”

புதுசு ஜெயித்தால் என் வீட்டுக்காரர் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். அன்று மலரவில்லை. கறுத்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர், “பழசையே எடுத்துக்கங்க” என்றார்.

“என்ன சார், விளையாடுறீங்களா? இதுதானே வேகமா ஓடுது!”

“ஓடுது. ஆனா அதுல அவ நிக்கவே மாட்டேங்கிறா.”

“யாரு?”

அவர் கண் இடது பக்கத் திரைக்குப் போனது. இந்த மனுஷனையா ஒரு வருஷமாகக் கல்நெஞ்சன் என்று கரித்துக்கொட்டினேன்! “நீங்க புதுசையே எடுத்துக்கங்க மேடம், அவர் வேற ஏதோ நெனப்புல சொல்றாரு” என்று அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்து வாசல்வரை போய் அனுப்பிவைத்தேன்.

திரும்பி வந்தபோதும் இடது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயித்தது எதுவென்று தெரிந்த பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு அப்போதே முன்பல் விழுந்திருந்தது. பாவி, அதைக்கூட மறந்துவிட்டிருக்கிறேன். சிரித்தபடி என்னைப் பார்த்து வந்துகொண்டே இருந்தாள். கொஞ்சம்தான் பாக்கி.

“முடியப் போகுது” என்றேன்.

“ம்.”

“இதைவிட மெதுவா ஓட வைக்க முடியுமா?”

திரும்பிப் பார்த்தார். வேகத்தைக் கூட்டித் தரச் சொல்லித்தான் ஜனங்கள் அவரிடம் வருவார்கள்.

“முடியும்” என்றார். “இதுக்குள்ள நாலு கோர், நாலு மூளை மாதிரி, சேர்ந்து வேலை செய்யுது. ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை அணைச்சிடலாம். அந்த ஒண்ணோட வேகத்தையும் குறைச்சிடலாம்.”

“குறைங்க.”

கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். செட்டிங்கைத் திறந்து ஒவ்வொரு கோராக அணைத்தார். யாராவது பார்த்தால் இரண்டுக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். வீடியோவைக் கொடுத்தார். ஜன்னல் திறந்தது. அவள் அசையவில்லை.

“நின்னுடுச்சா?” ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தேன்.

“இல்ல. வர்றா.”

தரையிலிருந்து ஒரு காலைத் தூக்கியிருந்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்தக் கால் இன்னும் பெடலுக்கு வந்து சேரவில்லை.