ஃப்ரீசரைத் திறக்காமல் எழுத வேண்டிய கதை

1

லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பிலிருந்துதான் இந்தக் கதையைத் திருடினேன். நாளை முழுப் பகலும் மின்சாரம் இருக்காதாம். எல்லோரும் முகம் சுளித்தார்கள். எழுத ஒன்றும் கிடைக்காமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கோ கை பரபரத்தது.

'இருள் நகரத்தின் மீது மெல்ல—'

வேண்டாம். பகலில்தானே கரண்ட் போகிறது.

2

சரியான முதல் வரி இதுதான்: எங்கள் ஃப்ரீசர் நிறைய என் மனைவியின் தாய்ப்பால் இருக்கிறது.

அவள் பஸ் ஓட்டுகிறாள். பேறுகால விடுப்பு முடிந்து நாளை மறுநாள் வேலைக்குப் போகிறாள். மகளை நான் பார்த்துக்கொள்வேன். அந்தக் குண்டம்மா பவுடர் பாலை என் சட்டையிலேயே துப்புகிறவள். ஆகவே மனைவி தூக்கம் கெட்டுக் கெட்டு எடுத்து உறையவைத்த பால். உருகினால் கொட்ட வேண்டியதுதான். அவளால் வேலைக்கும் போக முடியாது.

ஏற்பாடுகளில் இறங்கினேன். என்ன உற்சாகம்! காலியிடமெல்லாம் தண்ணீர் பாட்டில்களைத் திணித்தேன். நிறைந்த ஃப்ரீசரில் குளிர் தங்கும். ஒரு கிண்ணம் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு காசு வைத்தேன். காசு அடியில் கிடந்தால் எல்லாம் உருகிவிட்டது என்று அர்த்தம்.

[சமையலை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மின்னடுப்பு நாளை வெறும் பலகை. பரணிலிருந்து கேஸ் அடுப்பை இறக்கி ஜன்னலோரம் வைத்தாயிற்று. மனைவி ஒருமுறை பற்றவைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னை நம்பினாள்.]

3

கரண்ட் போய்விட்டது. எழுதுகிறேன்: 'வெண்ணிறப் பைகள்—'

வெண்மையா, லேசான மஞ்சளா? திறந்து பார்த்தேன். மஞ்சள். குளிர் முகத்தில் வந்து மோதியது. அருமையான வரி, எழுதிக்கொண்டேன். பைகள் நின்றிருந்தனவா, படுத்திருந்தனவா? திறந்தேன். காசில் மேலே இருப்பது பூவா, தலையா? மறுபடியும்...

"ஏங்க, அங்க என்ன பண்றீங்க?"

"வர்ணனைக்கு ஒரு சின்ன விவரம்."

"கதைல என்ன வேணா உருகட்டும். இது உருகக் கூடாது."

குரலை உயர்த்தவில்லை. மாட்டியிருந்த சீருடையிலிருந்து பெல்ட்டை உருவி வந்தாள். ஃப்ரிட்ஜின் அருகருகே இருந்த இரண்டு கதவுகளின் கைப்பிடிகளையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏற்பாடு எல்லாம் செய்தவன் நான்; குளிரை வெளியே விட்டவனும் நான்.

4

சாயங்காலம் முழுக்கச் சும்மா இருக்க முடியாமல் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ) காசு மேலேயே இருக்கிறது. மூன்றே வரி, சப்பென்று இருந்தது.

ஆ) காசு அடியில். அவள் ஒவ்வொரு பையாகக் கத்தரித்துத் தொட்டியில் ஊற்றுகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இதுதான் நல்ல கதை. அதனாலேயே அடித்துவிட்டேன்.

5

இரவு கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியது. கட்டை அவிழ்க்க அவள் விடவில்லை. விடியும்வரை நன்றாகக் குளிரட்டுமாம். காசு எங்கே இருந்ததோ அங்கேயே உறைந்திருக்கும்.

இப்போது விடிந்துவிட்டது. சீருடை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். பெல்ட் வேண்டும் அவளுக்கு.

"பேனாவ வெச்சிட்டு வாங்க. சேர்ந்தே பாப்போம்."

பெல்ட்டில் கை வைத்தவள் இன்னும் அவிழ்க்கவில்லை. எனக்கு ஒரு கையில் மகள். இன்னொரு கை அவள் தோளுக்கு வேண்டும். எழுதக் கை மிச்சமில்லை. மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சப்பென்று இருந்தாலும் பரவாயில்லை, காசை மட்டும் மேலேயே வையுங்கள்.