மாமா போனுக்கு மட்டும் பூட்டு

"மாமா, உங்க போனை அன்லாக் பண்ணிக் கொடுங்க."

கண்ணாடிக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யாரோ ஒரு அம்மாவின் போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தார் மாமா. கை அப்படியே நின்றுவிட்டது. ஒட்டின கார்டுக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டது.

"என்ன அம்மணி சொன்ன?"

"உங்க போனைக் கொடுங்கன்னேன். திறந்து கொடுங்க."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். "மாமன்கிட்ட என்ன வேணும்னாலும் கேளு. அவன் போனை மட்டும் தொடாதே, கேக்காதே. ஆம்பளை போனு." எங்கள் வீட்டுக்கு முதல் ஸ்மார்ட்போன் வந்த நாளிலிருந்து இதுதான் சட்டம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

மாமா பேர் மனோஜ்குமார், அம்மாவுக்குத் தம்பி. எங்கள் ஊர் மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து கடை போட்ட முதல் ஆள். சபர்ப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கிற மாதேஸ்வரா மொபைல்ஸ் அவருடையது. எங்கள் குடும்பத்தில் யாருக்குப் போன் வேண்டுமென்றாலும் இந்தக் கடையிலிருந்துதான் வரும். பெட்டியை அவரே பிரிப்பார், சிம்மை அவரே போடுவார், எல்லாம் ஏற்றி, பூட்டும் வைத்து, பிரசாதம் மாதிரி கையில் கொடுப்பார். பூட்டு எல்லாருக்கும் ஒன்றுதான். மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே பக்கத்தில் ஒரு கோடு. இங்கிலீஷ் எல். அம்மா பேர் லிங்கம்மா, அவளுக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று வைத்தது. பிறகு அப்பாவுக்கும் அதே, பெரிய மாமா மல்லப்பனுக்கும் அதே, நாச்சம்மாள் அத்தைக்கும் அதே, எனக்கும் அதே.

பூட்டு மாதிரியே அக்கவுண்டும் ஒன்றுதான். கடை பேரில் மாமா ஒரு மெயில் ஐடி தொடங்கினார், அதையே எல்லாப் போனிலும் போட்டார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை அப்பாவின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனது. மாமா புதுப் போன் கொடுத்தார். அப்பா அதைத் திறந்தால் பழைய நம்பர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அன்றைக்கு அப்பா மச்சினனைக் கும்பிடாத குறை.

ஆனால் என் போனில் நான் 'ம' என்று தட்டினால் மஞ்சள் இலைக்கருகலுக்கு மருந்து என்று அதுவே எழுதும். 'மூ' என்று தட்டினால் மூலத்துக்கு வீட்டு வைத்தியம். யாருக்கு மூலம் என்று இன்று வரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. என் ஹாஸ்டல் படங்களுக்கு நடுவில் பெரிய மாமாவின் டிராக்டர் டயர் இருக்கும். சரி, வேடிக்கைதான் என்று இருந்தேன்.

டிகிரி ரெண்டாம் வருஷத்தில் ஒருமுறை அந்த எல் பூட்டை மாற்றி வேறு பூட்டு போட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது நாச்சம்மாள் அத்தை படம் பார்க்க என் போனை எடுத்து எல் போட்டாள். திறக்கவில்லை. திரும்பப் போட்டாள். திறக்கவில்லை. சமையலறை அமைதியாகிவிட்டது. அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்: "யாரு அந்தப் பையன்?"

பையனும் இல்லை, ஒருத்தனும் இல்லை. தூரமாகிற தேதியைக் குறித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு திரும்ப எல் பூட்டே போட்டுவிட்டேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பி.காம் முடித்துவிட்டு சரஸ்வதிபுரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். அங்கிருந்துகொண்டே புனேயில் ஒரு கம்பெனிக்கு அப்ளை பண்ணினேன். வீடியோவில் இன்டர்வியூ நடந்தது. எடுத்துக்கொள்கிறோம், மெயில் வரும் என்றார்கள். வீட்டில் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த வாரமே அம்மா கூப்பிட்டாள்.

"கண்ணு, என் போன்ல புனே புனேன்னே வருது. ஒரு பொண்ணு ரூமைக் காட்டுது, கட்டிலைக் காட்டுது, கக்கூசைக் காட்டுது. யாரு இது?"

புனேயில் லேடீஸ் ஹாஸ்டல் எப்படி இருக்கும் என்று நான் பார்த்த வீடியோ. மார்டள்ளியில் அம்மாவின் போனில் போய் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ விளம்பரம் என்று சமாளித்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். என்னோடு ஹாஸ்டலில் இருக்கிற யாரோதான் வீட்டுக்குப் போட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்து ஒருத்தியோடு பேச்சையே நிறுத்திவிட்டேன். பாவம் அவள்.

மெயில் வரவில்லை. காத்துப் பார்த்துவிட்டு நேற்று கம்பெனிக்கே போன் பண்ணினேன். அந்த மேடம் பொறுமையாகச் சொன்னாள்: "நீங்கதான் வேண்டாம்னு பதில் அனுப்பிட்டீங்களே."

என் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டு பிரதிபா. மைசூர்க்காரி, தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். ரெண்டு பேரும் என் மெயிலைக் குடைந்தோம். வந்த மெயிலும் இல்லை, போன மெயிலும் இல்லை. கடைசியில் அழித்ததெல்லாம் விழுகிற குப்பைத்தொட்டியில் ரெண்டும் கிடந்தன. கம்பெனியின் ஆஃபர் லெட்டர் ஒன்று. அதற்கு என் பேரில் போன பதில் ஒன்று. 'மரியாதைக்குரிய ஐயா, எனக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது. குடும்பத்தார் விருப்பப்படி இந்த வேலை வேண்டாம். நன்றி.' இங்கிலீஷில், நாலு எழுத்துப் பிழையோடு.

பிரதிபா செட்டிங்ஸுக்குள் போய், இந்த அக்கவுண்ட் எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது என்று பார்த்தாள். அம்மா, அப்பா, பெரிய மாமா, அத்தை, நான். அப்புறம் கடைக் கம்ப்யூட்டர்.

"ஏ, இது அக்கவுண்டா, ரேஷன் கார்டாடி?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளே திரும்பப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அதிருக்கட்டும், இதுல உங்க மாமா போன் யாவுது?"

தேடினோம். இல்லை. மொத்தக் குடும்பமும் உள்ளே இருக்கிறது, மாமா மட்டும் வெளியே. எங்கள் எல்லாருடையதையும் கடைக் கம்ப்யூட்டரில் பார்க்கிறவர், தன் போனுக்குத் தனி அக்கவுண்ட் வைத்திருக்கிறார். அதற்கு எல் பூட்டு கிடையாது, விரல் ரேகை.

மேடத்தைத் திரும்பக் கூப்பிட்டு அந்த மெயில் நான் அனுப்பினதில்லை என்றேன். இடம் இன்னும் யாருக்கும் போகவில்லை, நாளை சாயங்காலத்துக்குள் உங்கள் சொந்த மெயிலிலிருந்து எழுதுங்கள் என்றாள். சொந்த மெயில்! எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குச் சொந்தமாக ஒரு மெயில் கிடையாது. பேசின சிம் கூட மாமா பேரில் வாங்கினது.

அதனால்தான் இப்போது கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

"என் போனு உனக்கு எதுக்கு?" என்றார் மாமா. முகத்தில் கடைச் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சும்மா பார்க்கத்தான். ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது? நீங்கதானே எல்லார்கிட்டயும் இதைச் சொல்வீங்க."

"வெளையாடாதே. கடைக்காரன் போனு இது. பேங்க் இருக்குது, கஸ்டமர் விஷயம் இருக்குது. அது வேற."

"எங்க போன்ல என்ன இருக்குது, சோளத்தட்டா?"

ஸ்கிரீன் கார்டு அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். தமிழ் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும். "அண்ணா, ஆய்தா?" என்று கன்னடத்தில் முடிந்ததா என்று கேட்டாள், அவசரமே இல்லாத குரலில். "ஆய்து அம்மா, ஒந்து நிமிஷம்" என்று மாமா குமிழை ஒரு அட்டையால் தள்ளிப் பார்த்தார். குமிழ் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்குப் போனது.

"கம்பெனிக்கு எழுதினது நீங்கதானே?"

மாமா பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தப்பு செய்த மாதிரியே அவர் முகம் இல்லை.

"நான்தான். புனேவுல உனக்கு யாரு இருக்கா? ஒரு அவசரம்னா யாரு ஓடி வருவா? அக்காகிட்ட சொன்னா அழும். அதான் நானே முடிச்சுட்டேன். உனக்கு மைசூர்லயே நான் பார்க்கறேன்."

"கல்யாணம் நிச்சயம்னு எழுதியிருக்கீங்களே. யாரோட?"

"ஏதாச்சும் ஒரு காரணம் சொல்லணும்ல."

"மாப்பிள்ளை பேரையாவது சொல்லுங்க மாமா. எனக்கே தெரியாம நிச்சயம் ஆயிருக்குது."

அந்த அம்மா பொங்கி வந்த சிரிப்பை முந்தானையில் அடக்கினாள். மாமாவின் முகம் மாறிவிட்டது.

"சத்தத்தைக் குறை. பொட்டப்புள்ள வெளியூர்ல இருந்தா ஒரு காவல் வேணும். அதைத்தான் பண்றேன்."

"காவல்னா வாசல்ல நிப்பாங்க. நீங்க என் பெட்டியைத் திறந்து வெச்சுட்டு அதுமேலயே உக்காந்திருக்கீங்க."

"ஓகோ. டிகிரி பேசுது. உன்னைப் படிக்க வெச்சது யாருன்னு மறந்துபோச்சா?"

இது வரும் என்று தெரியும். நான் பாஸானதும் மார்டள்ளி பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார். 'எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி செல்வி மோகனப்ரியா'. அதில் என் முகம் ஒரு மூலையில். நடுவில் கைகூப்பிக்கொண்டு மாமா.

"படிக்க வெச்சது எங்கப்பா சித்தையன். வெயில்ல நின்னது அவரு. காலேஜ் ஃபார்ம்ல உங்க மெயில் ஐடியையும் உங்க நம்பரையும் போட்டது மட்டும்தான் நீங்க."

மாமா குரலை இறக்கிக்கொண்டு, கஸ்டமருக்கு விலை குறைக்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"சரி அம்மணி. உனக்கு என்ன, பாஸ்வேர்டுதானே வேணும்? தரேன். நீயே மாத்திக்கோ. இதோட விடு."

ஒரு நொடி எனக்கே மனசு இளகியது. பிறகுதான் அந்த செட்டிங்ஸ் பக்கத்தில் பார்த்த மாமா நம்பர் ஞாபகத்துக்கு வந்தது.

"நான் மாத்துவேன். நீங்க 'மறந்துட்டேன்'னு ஒரு பட்டனை அழுத்துவீங்க. ஓ.டி.பி. யார் நம்பருக்கு வரும் மாமா?"

காலம் முழுக்க ஊருக்கே அதைச் செய்து கொடுக்கிறவர். அவருக்குத் தெரியாதா?

"இப்பவும் கேக்கறேன். உங்க போனைத் திறந்து என் கைல கொடுங்க. நான் இதே ஸ்டூல்ல உக்காந்து உங்க படம், உங்க மெசேஜ், நீங்க நேத்து என்ன தேடினீங்க, எல்லாம் பார்க்கறேன். நீங்க எதிர்ல நில்லுங்க. கொடுத்தீங்கன்னா புனேக்குப் போகல. சத்தியம்."

அவர் கை தானாகவே சட்டைப் பையின் மேல் போய் உட்கார்ந்தது. போன் அங்கே இருந்தது. கையை எடுக்கவே இல்லை.

"போதும்" என்றேன்.

பையிலிருந்து என் பழைய போனை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தேன். பக்கத்தில் சிம்மை வைத்தேன். போனில் எதுவும் இல்லை. காலையிலேயே என் மார்க் கார்டு, சர்டிபிகேட் எல்லாவற்றையும் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, மொத்தத்தையும் துடைத்துவிட்டேன். திரையில் எந்த பாஷை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கு மாமா பார்த்த அதே திரை.

"இது உங்க கடைச் சாமான்."

அவர் கவுன்டருக்கு அடியில் இருந்த கடைப் போனில் அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். எனக்கு எதிராக அவரிடம் இருந்த கடைசிச் சாமான் அதுதான்.

"அக்கா, உன் பொண்ணு என் போனைத் திறந்து காட்டச் சொல்லுது. கஸ்டமர் முன்னாடி."

"ஐயோ கண்ணு, கேட்டுட்டியா?" அம்மாவின் குரலுக்குப் பின்னால் மாடு கத்திக்கொண்டிருந்தது. "என்ன சாமி, ஏன் இப்படி?"

"அம்மா, வேலைக்கு வேண்டாம்னு என் பேர்ல மாமா எழுதியிருக்காரு. புனே வேலைக்கு. நான் சொல்லாம இருந்தது என் தப்பு. இப்ப சொல்றேன், நான் போறேன். பழைய நம்பர் இனி வேலை செய்யாது."

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். மாமாவும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் அம்மா கேட்டாள்: "அப்போ புது நம்பரு எனக்குத் தருவியா, மாட்டியா?"

அம்மா என் பேர் போட்டு நம்பரை ஏற்றினால் அது நேராக இந்தக் கடைக் கம்ப்யூட்டரில் வந்து நிற்கும். என் அம்மாவுக்கு என் நம்பரைக் கொடுக்க நான் யோசிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு யாரைத் திட்டுவது?

"நானே கூப்பிடறேன்மா. பேர் போட்டு மட்டும் ஏத்தாதே."

"பேர் போடாம நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எடுத்துப் பேசு. தெரியும்."

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் நம்பரை அவர் எப்படியும் கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்கட்டும். நம்பர் தெரிந்து வெளியிலிருந்து கூப்பிடுவது வேறு, உள்ளேயே குடியிருப்பது வேறு. அவர் கூப்பிட்டால் எடுப்பேன், மாமா என்றுதான் பேசுவேன்.

பையில் இன்னொரு போன் இருந்தது. யாரோ வைத்திருந்து விற்றது, ஓரத்தில் கீறல். சிம் என் ஆதாரில் என் விரல் வைத்து வாங்கினது. பூட்டு எல் இல்லை. சொந்த மெயிலிலிருந்து காலையிலேயே கம்பெனிக்கு எழுதினேன். மத்தியானம் ஆஃபர் லெட்டர் திரும்ப வந்தது. ஏற்கிறேன் என்ற இடத்தில் அழுத்திவிட்டுத்தான் இந்தக் கடைப் படியே ஏறினேன். சத்தியம் என்று சொன்னேனே, அவர் போனைக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள். அவர் கொடுக்க மாட்டார் என்று தெரியும்.

"நில்லு அம்மணி. மோகனா. நான் பேசிட்டே இருக்கேன்."

ஸ்கிரீன் கார்டு அம்மா வழி விட்டு நகர்ந்தாள். "குமிழ் அப்படியே இருக்குதே அண்ணா" என்று கன்னடத்தில் அவரிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் படியிறங்கி சந்துக்குள் நடந்தேன்.